லேப்டாப்பில் ஒரு தடை

மடியில் வைத்திருப்பது லேப்டாப்தானே மகளே? திறந்து வேலையைப் பார், எனக்கொன்றும் இடைஞ்சல் இல்லை. நான்தான் கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறேன். இடது காது எனக்குக் கேட்காது, நீ ஏதாவது சொன்னால் வலது பக்கம்தான் ஏறும். அது பழைய கதை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கை கொஞ்சம் கனம். ஒரு நாள் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை. பிறகு அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வருகிற வழியில் பூந்தியும் வாங்கித் தந்தார். இப்போது ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல மனிதர்.

எங்கே, திருச்சிக்கா போகிறாய்? நான் திண்டுக்கல்லில் இறங்க வேண்டும். மருமகள் அங்கே இருக்கிறாள். கூட்டிவரப் போகிறேன். நாளை மறுநாள் குருத்தோலை ஞாயிறு. மகனும் மருமகளும் என் இரண்டு பக்கமும் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோயிலில் நிற்க வேண்டும், அதுதான் என் ஜெபம். நீ பொட்டு வைத்திருக்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்கு லெந்து நாட்கள் வரும். உபவாச நாட்கள். நீங்கள் மாலை போட்டு விரதம் இருப்பீர்களே, அந்த மாதிரி. இந்த வருஷம் லெந்தில் பாதி நாளை நான் ஒரு லேப்டாப்போடு போராடியே கழித்தேன் என்றால் நம்புவாயா? சிரிக்காதே. எட்டாம் வகுப்பு படித்தவள் நான். என் மகனே அசந்துபோனான்.

மகன் பெயர் ஜாஸ்பர். துபாயில் ஏசி மாட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகள் பெனினா. தாயில்லாப் பிள்ளை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு அவரும் ஒதுங்கிவிட்டார். எங்கள் வீடுதான் அவளுக்கு எல்லாம். வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பாள். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள், மிஸ் மிஸ் என்று கூப்பிடுகிற சத்தம் சமையலறை வரைக்கும் வரும். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். அதிகம் பேச மாட்டாள், அவ்வளவுதான். வந்த புதிதில் பேசுவாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜாஸ்பர் வந்துவிட்டுப் போன பிறகு ஆரம்பித்தது இது. அந்த லீவில்தான் பெனினாவுக்குக் கையில் மாவுக்கட்டு போட வேண்டி வந்தது. குளியலறைக் கதவில் கை நசுங்கிவிட்டது. பெரிய கதவுகூட இல்லை, பிளாஸ்டிக் கதவு. என்னவோ அவள் நேரம். என் மகன் துடித்துப்போனான். டாக்டரிடம் அவளை வாய் திறக்க விடவில்லை, எப்படி ஆயிற்று என்று எல்லாவற்றையும் அவனே சொன்னான். எக்ஸ்ரே எடுக்கிற அறைக்குள்ளும் கூடவே வருவேன் என்று நின்றான். நர்ஸ் சண்டை போட்டுத்தான் வெளியே நிறுத்தினாள். இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் அப்படி நிற்கிறான், சொல்.

துபாய் போன பிறகு ஒரு நாள் எனக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டான். "அம்மா, ஊரு உலகம் கெட்டுக் கெடக்கு. இவ நாள் பூரா அந்தப் பெட்டி முன்னாலதான் இருக்கா. எவன் என்ன அனுப்புதான்னு யாருக்குத் தெரியும்? நான் ஒரு சாப்ட்வேர் அனுப்புதேன். அவ லேப்டாப்புல ஏத்திருங்க. அவளுக்குப் பாதுகாப்பு. அவகிட்ட சொல்லாண்டாம், பயந்துருவா."

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுவோமா? அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பெண்டாட்டி மேல் அவனுக்கு எவ்வளவு கரிசனை என்று என் மனது நிறைந்துபோயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போவாள். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பைத் திறப்பேன். சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தால் அவன் அங்கிருந்து பார்த்து, இதைத் தட்டுங்கள், அதைத் தட்டுங்கள் என்று சொல்லுவான். முதல் நாள் தட்டினேன். பச்சையாக ஒரு கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து முடிகிற இடத்துக்கு வந்து நின்றது. டிங் என்று ஒரு சத்தம். மூலையில் ஒரு பெட்டி எழும்பிற்று. சிவப்பில் ஒரு கேடயம், நடுவில் பெருக்கல் குறி. அவ்வளவுதான், அவன் அனுப்பிய சாமானையே காணவில்லை. இப்போது இருந்தது, இப்போது இல்லை.

மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் கோடு, மறுபடியும் டிங், மறுபடியும் காணவில்லை. அணைத்துத் திறக்கச் சொன்னான், செய்தேன். வேறு இடத்தில் வைத்து ஏற்றச் சொன்னான், செய்தேன். அந்தச் சிவப்புப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னான். நான் ஒவ்வொரு எழுத்தாக, டி, எச், ஆர், ஈ என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசிப்பேன். முடிப்பதற்குள் மறைந்துபோகும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தம்பி என்று கேட்டேன். அது சும்மா வருகிறது, நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம் என்றான்.

பிறகு ஒரு வாரம் அதன் காவலையே அணைக்கச் சொன்னான். லேப்டாப்புக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறானாம், அவன் தெரியாமல் நம்மையும் தடுக்கிறானாம். எங்கேயோ உள்ளே உள்ளே போய் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு இந்தப் பக்கம் வருவதற்குள் அது தானாகவே மறுபடியும் போட்டுக்கொண்டது. யாரும் தொடவில்லை மகளே. நான் ஒருத்தி, வீட்டில் வேறு ஆள் இல்லை. என் கண் முன்னாலேயே அந்தப் பொத்தான் நகர்ந்து தன் இடத்தில் போய் நின்றது. எனக்கு மேலெல்லாம் சில்லிட்டுப்போயிற்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது மிஷின் கோளாறு இல்லை, சத்துருவின் தடை என்று. ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு வருகிறது என்றால் பிசாசு பார்த்துக்கொண்டு இருப்பானா?

வெள்ளிக்கிழமைதோறும் காலையும் மதியமும் சாப்பிடாமல் ஜெபித்தேன். சாயங்காலம் கஞ்சி மட்டும். கோயிலில் கொடுத்த ஜெப எண்ணெய் வைத்திருந்தேன், அதில் விரலைத் தொட்டு லேப்டாப்பின் நாலு மூலையிலும் சிலுவை போட்டேன். கொஞ்சம் வழிந்து எழுத்துகளுக்குள் இறங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு எழுத்து அழுத்தினால் மேலே வரவில்லை. பெனினா பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயா அத்தை என்று சிரித்துக்கொண்டே துடைத்தாள். ஜாஸ்பருக்குச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கத்தினான். என்ன, என் காது ஒன்றுதானே, பாதிதான் ஏறிற்று. பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் விண்ணப்பம் வைத்தேன். என் வீட்டில் ஒரு தடை இருக்கிறது, உடைந்துபோக வேண்டும் என்றேன், விவரம் சொல்லவில்லை. அத்தனை பேரும் எனக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். பெனினாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவளும் கண்ணை மூடி ஜெபித்தாள்.

எனக்கு ஒரு மகளும் உண்டு, ஹெப்சி. சென்னையில் வேலை. அவளுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி. அவளிடம் மெதுவாக விசாரிக்கலாம் என்று கூப்பிட்டேன். சிவப்புப் பெட்டியைச் சொன்னேன். அந்த எழுத்துகளைச் சொன்னேன். ஆபத்து என்று போட்டிருக்கிறது அம்மா என்றாள். அப்புறம் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அது பேய் இல்லம்மா, காவல். நாய் குலைக்கிதுன்னு நாய அடிப்பியளா? அண்ணன் என்னத்த ஏத்தச் சொல்லுதான்னு உங்களுக்குத் தெரியுமா? மைனி கை எப்படி ஒடிஞ்சிதுன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

கதவில் நசுங்கியது என்றேன். போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு கூப்பிடுவதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அண்ணன் மேல் ஒரு பொறாமை. படிப்பு கூடினால் பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைந்துவிடுகிறது. அவளுக்காகவும் ஜெபிக்கத்தான் செய்கிறேன்.

பிறகு ஜாஸ்பரே கண்டுபிடித்தான், கோளாறு எங்கே என்று. அந்த லேப்டாப்புக்கு இரண்டு வாசல். திறந்ததும் இரண்டு பெயர் வரும். ஒன்று அவளுடையது. இன்னொன்று, அத்தை என்று எழுதி, ஒரு செம்பருத்திப் படம் போட்டிருக்கும். மழைக்காலத்தில் எனக்குக் கால் வீங்கிக் கோயிலுக்குப் போக முடியாமல் இருந்தபோது, ஆராதனை பார்க்க என்று எனக்காக அவள் உண்டாக்கியது. நான் அந்த வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்தேன். அதனால்தான் காவல்காரனை வெளியேற்ற எனக்கு உரிமை இல்லையாம். அவள் வாசல் வழியாகப் போனால்தான் முடியுமாம். அதற்கு அவள் பாஸ்வேர்டு வேண்டும்.

கேட்டேன். என்ன தப்பு? பொய் சொல்லவில்லை. என் பக்கம் ஒன்று திறக்க மாட்டேன் என்கிறது, உன் பாஸ்வேர்டு கொடு மகளே என்றேன். மாவுக்கட்டு பிரித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, இன்னொரு கையால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னத்துக்கு என்றுகூடக் கேட்கவில்லை. செத்துப்போன அவள் அம்மா பெயர்தான் பாஸ்வேர்டு. சொல்லிவிட்டு, உங்களுக்குச் சொன்னால் என்ன அத்தை, அம்மாவுக்குச் சொன்ன மாதிரிதானே என்றாள். எவ்வளவு பாசம் பார்.

அந்தச் சனிக்கிழமை ஏறிவிட்டது. பொத்தானைத் தள்ளினேன், காவல்காரன் போனவன் போனவன்தான், திரும்பி வரவே இல்லை. பச்சைக் கோடு கடைசி வரைக்கும் ஊர்ந்தது. டிங் இல்லை. சிவப்பு இல்லை. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தம்பி, ஏறினதற்கு ஒரு அடையாளமும் இல்லையே என்றேன். தெரியாதும்மா, தெரியக் கூடாது என்றான். நான் அந்த நாற்காலி பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பாயசம் வைத்தேன். பெனினா வந்து என்ன விசேஷம் அத்தை என்றாள். ஜெபம் கேட்கப்பட்டது மகளே என்றேன். ஆமென் என்று சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஜாஸ்பருக்கு மனது லேசாகிவிட்டது என்று நினைக்கிறேன். தினமும் சாயங்காலம் அவளிடம் பேசுவான். யாருக்கு என்ன எழுதினாய், எந்த நேரத்தில் சிரித்தாய், இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவள் திடுக்கிட்டு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். ஜன்னலைச் சாத்துவாள். லேப்டாப்பின் கண் மாதிரி ஒன்று இருக்கிறதே மேலே, அதில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரை ஒட்டி வைத்தாள். வகுப்புப் பிள்ளைகளோடு பேசும்போதுகூட அவள் குரல் இறங்கிப்போயிற்று. அத்தை, அவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் என்னிடமே கேட்டாள். புருஷன் பெண்டாட்டி ஒரே ஆவி மகளே, தெரியாமல் இருக்குமா என்றேன்.

அவன் எனக்கும் வாசித்துக் காட்டுவான், அவள் என்னென்ன தேடுகிறாள் என்று. பெண்கள் தங்குகிற விடுதி. இலவசமாகப் பேசுகிற வக்கீல். உடைந்த கையின் எக்ஸ்ரேயை ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று தேடினாளாம். ஆறிப்போன கைக்கு எதற்கு எக்ஸ்ரே? யாரோ அவள் மனதைக் கெடுத்திருக்கிறார்கள். நான் அழுதேன்.

ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. சோறு வடித்து வைத்திருந்தாள். என் பிரஷர் மாத்திரையை வேளைவாரியாகப் பிரித்து சின்னச் சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். போனை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தை, நான் நல்லா இருக்கேன். மாத்திரைய விடாம போடுங்க. எங்க இருக்கேன்னு கேக்காண்டாம். தெரிஞ்சா அவரு உங்களத்தான் பாடாப்படுத்துவாரு. நீங்க அவருக்கு எதுத்துச் சொல்ல மாட்டிய, எனக்குத் தெரியும்."

நான் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்க? போனை விட்டுவிட்டுப் போனாளே தவிர, லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். பிழைப்பே அதில்தானே. அதைத் திறந்து பாடம் எடுக்க உட்கார்ந்தாளோ இல்லையோ, அங்கே ஜாஸ்பருக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டது. திண்டுக்கல், இன்ன தெரு, இன்ன கட்டிடம். அத்தனை வாரம் நான் கிடந்து ஜெபித்து ஏற்றியது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை மகளே, அதுதான் எனக்கே ஆச்சரியம். எண்ணெய்க்கு அப்படிக் கத்தினவன் இதற்கு ஒரு வார்த்தை கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறான். அவன் அப்பாவும் அப்படித்தான். சின்னக் கோபத்துக்குச் சத்தம் போடுவார். பெரிய கோபம் என்றால் சத்தமே வராது.

இன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டான். கம்பெனியில்கூடச் சொல்லவில்லையாம். வாடகைக் கார் ஒன்று எடுத்துக்கொண்டு நேரே திண்டுக்கல் போயிருக்கிறான். டிரைவர் வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று வாங்கியிருக்கிறான். ஆனால் அந்த விடுதியில் ஆண்களை வாசலுக்குள் விடுவதில்லை. பொறுப்பாக இருக்கிற அம்மா கண்டிப்பானவளாம், போகச் சொல்லியும் போகாமல் நின்றால் போலீசைக் கூப்பிட்டுவிடுவாளாம். அதனால்தான் நான். நீங்கள் போய் அவளைக் கூப்பிட்டுத் தெருமுனை வரைக்கும் கூட்டிவந்தால் போதும், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் துணிமணி ஏதாவது எடுத்துவரவா தம்பி என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றான். முனை வரைக்கும் வந்ததும் நீங்கள் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் மனம் விட்டுப் பேசும்போது நடுவில் நான் எதற்கு, சரிதானே. இந்தத் தூக்குவாளியில் அவளுக்குப் பிடித்த பாயசம்தான் வைத்திருக்கிறேன்.

என்ன மகளே, லேப்டாப்பை மூடிவிட்டாய்? பஸ் ஆட்டத்தில் கண் வலிக்கிறதா? முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறதே. தண்ணீர் குடி.

என்ன கேட்கிறாய், வலது பக்கம் வந்து சொல். விடுதி பெயரா? தெரு பெயர்தான் தெரியும், இரு, தம்பி அனுப்பியதைக் காட்டுகிறேன், நீயே வாசித்துப்பார். அவள் கூப்பிட்ட நம்பரா? இருக்கிறது, இதுதான். வேண்டாம் மகளே, இப்போது கூப்பிடாதே. வரப்போவது அவளுக்குத் தெரியக் கூடாது என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். நீ பாட்டுக்கு அழுத்துகிறாயே. எடுக்க மாட்டாள். பாடம் நடத்துகிற நேரம் போனை அணைத்து வைத்துவிடுவாள், அது அவள் வழக்கம்.

பார், சொல்லி வாய் மூடவில்லை, தம்பியே கூப்பிடுகிறான்.

ஆ, தம்பி. பைபாஸ் தாண்டிவிட்டது. சரி. சரி. இல்லை, பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், பஸ்ஸில் பார்த்த பெண். ஒன்றும் சொல்லவில்லை. சரி தம்பி.

எதிரே டீக்கடையில் நிற்கிறானாம். அவள் உள்ளே லேப்டாப்பைத் திறந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். என்ன கணக்கு நடத்துகிறாள் என்றுகூடத் தெரிகிறதாம் அவனுக்கு. அப்பா, என்ன அதிசயம்.

நீயும் எழுந்துவிட்டாயா? திருச்சிக்குத்தானே டிக்கெட் எடுத்தாய். கூட வருகிறாயா, எனக்காகவா? பெற்றவர்கள் நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் உன்னை. போலீசுக்கா? எதற்கு மகளே போலீஸ், குடும்ப விஷயத்துக்கு? பேசு, யாருக்கு வேண்டுமானாலும் பேசு, ஆனால் மெதுவாகப் பேசு, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கையை விடு, நான் விழமாட்டேன். எனக்கு முன்னால் ஓடாதே.

தனியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். நீ கொஞ்சம் தள்ளி நில். விடுதி வாசலில் முதலில் நான் கூப்பிடுகிறேன். அவன் கூப்பிட்டால்தான் வர மாட்டாள். என் குரலுக்கு அவள் கதவைத் திறக்காமல் இருந்ததே இல்லை.